பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்

மேயோ ஹாலுக்கு எதிர்ச் சந்தில்
படிக்கட்டுக்கு அடியில் என் ஜெராக்ஸ் கடை.
என் கடை என்றால்,
மிஷின் வாடகை, இடம் வாடகை;
சூடு மட்டும் என்னுடையது.

இங்கே யாருக்கும் தராசு தேவையில்லை.
கட்டைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.
கம்பெனி கட்டு வரும் நாளில்
ஜூனியர் பையன் ட்ராலி தள்ளி வருவான்.
ஆயிரத்து நானூறு பக்கம், ஐந்து நகல்,
ஸ்பைரல் போட்டு, பிரிவுக்கொரு வண்ணச் சீட்டு.
அன்று மதியம் எனக்கு பிரியாணி.
மறைப்பானேன்.

பாக்கியசீலி கொண்டுவந்தது
மஞ்சள் பையில் முப்பத்தொரு தாள்.
வீடு மர்பி டவுன். ஆஸ்பத்திரியில் இரவு ஆயா.
ஹொசகோட்டைப் பக்கம் முப்பதுக்கு நாற்பது மனை என்று
மாதாமாதம் கட்டிய ரசீதுகள்,
மூன்று லட்சத்து அறுபதாயிரம்.
மழை பெய்த பிறகுதான் தெரிந்ததாம்,
அது ஏரி.

ரெண்டு பக்கமும் அடிங்க தம்பி, தாள் மிச்சம், என்றாள்.
ஒரு பக்கம்தாம்மா அடிக்கணும்,
ஓரத்தில் நாலு விரல் சும்மா விடணும்,
இல்லேன்னா ஆபீசில் திருப்பிடுவாங்க.
சும்மா விடறதுக்குமா காசு?
அதுக்கும்தான்.

பிறகு கோர்ட் கட்டணம்.
தொலைந்த பணத்தைத் தேட
தொலைந்ததில் ஒரு பங்கை
முதலில் எண்ணி வைக்கவேண்டும் என்பது
மூன்று முறை சொல்லியும் அவளுக்குப் புரியவில்லை.
நான்காம் முறை சொல்லும்போது
எனக்கும் புரியவில்லை.
அடுத்த வாரம் தோடில்லாமல் வந்தாள்.

வாய்தா.
சீனியருக்கு ஐகோர்ட்டில் வேலை, வாய்தா.
சீனியருக்கு மூட்டுவலி, வாய்தா.
கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டது, வாய்தா.
ஒருநாள் நீதிபதி கடுத்து
ஐந்நூறு ரூபாய் அபராதம் போட்டார்.
பார்க்கிங் காசு மாதிரி கட்டிவிட்டுப் போனான் ஜூனியர்.
வாய்தா வாங்கியே சீனியர் வாங்கியது
அவள் கேட்கிற தொகையைத் தாண்டியிருக்கும் இந்நேரம்.
கணக்குத் தெரியாதவர்களா அவர்கள்?
இவள் ஒருத்திக்குக் கொடுத்தால்
ஏரியில் மனை வாங்கிய மிச்சப் பேரும்
மறுநாள் வரிசையில் நிற்பார்கள்.

வாய் தா,
என்று பிரித்துப் படித்தேன் ஒரு மத்தியானம்,
மிஷின் சூடாறும் நேரத்தில்.
யாரிடம் கேட்பது?
கூப்பிடுவது கன்னடத்தில்,
எழுதுவது இங்கிலீஷில்,
அவள் தலைவலி தமிழில்.

பத்தொன்பதாம் வாய்தா.
இரவு டியூட்டி முடித்து நேரே வந்தவள்
வராந்தா பெஞ்சில் பையை அணைத்தபடி தூங்கிப்போனாள்.
டவாலி மூன்று முறை கூப்பிட்டானாம்.
பாக்யஷீலா. பாக்யஷீலா. பாக்யஷீலா.
அப்படி யாரும் அங்கே இல்லை.
வாதி ஆஜரில்லை, வழக்கு தள்ளுபடி.

வார்டுல யார் முனகினாலும் முழிச்சுக்குவேன் தம்பி,
என்றாள் கடை வாசலில் உட்கார்ந்து.
பேரைத் தப்பாக் கூப்பிட்டா எப்படி?

வழக்கை மறுபடி எடுக்க ஒரு மனு,
ஒரு அபிடவிட்டு, ஒரு முத்திரை, வக்கீலுக்குத் தனியாக.
என்னிடம் அறுபத்துநாலு பக்கம்.
தொண்ணூற்றாறு ஆனது, தொண்ணூறு வாங்கினேன்.
அந்த ஆறு ரூபாய்க் கருணையை
இரண்டு நாள் நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

கறுப்புக் கோடு விழுந்து கெட்ட தாள்களைக்
கடலைக்காரர் எடுத்துப் போவார்.
நேற்று பொட்டலம் பிரித்தால் உள்ளே அவள்.
வாதி, பாக்கியசீலி, வயது நாற்பத்தேழு.
மேலே உப்பு, மிளகாய்த்தூள்.

தாக்கல் செய்து ஆறு வருஷம்.
கட்டுக்குள் அவளுக்கு
இன்னும் நாற்பத்தேழுதான்.
வெளியே, படியேறும்போது
இப்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.